மணி அடித்த பிறகுதான் எறிந்தேன்

இந்தப் பொலிஸ் நிலையத்துத் தேநீரை யாரும் குறை சொல்லக் கூடாது. சாயம் நன்றாக இறங்கியிருக்கிறது. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டேன். சிவகௌரி, என் மகள் வயது உங்களுக்கு, மகள் என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் மொழிபெயர்ப்பாளர். நான் சொல்வதை இந்த இன்ஸ்பெக்டருக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். கூட்டுவது என் வேலை. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

பெயர் குகதாசன். லூயிஷாமில் வீடு. தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அறையின் இந்தக் கோடியில் நின்று நான் பார்சலை வீசினால், அந்தக் கோடியில் தொங்கும் பைக்குள் போய் விழும். உள்ளே கண்ணாடிச் சாமான் என்று எழுதியிருந்தால் இன்னும் நேராக விழும். ஒரு தடவை கிளாஸ்கோ பார்சல் ஒன்றை நான் வீசிய வீச்சில் அது கிளாஸ்கோவுக்கே போய்ச் சேர்ந்தது. இதை எழுத வேண்டியதில்லை.

எங்கள் சபாரத்தினம் பெற்றோல் நிலையங்கள் வைத்திருப்பவர். தொண்ணூற்றொன்றில் ஒர்ப்பிங்டனுக்கு அப்பால் ஒரு காட்டுத் துண்டை வாங்கினார். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. அமெரிக்காவில் மச்சான் வீட்டுக்குப் போய் வந்தவர், அங்கே பார்த்த டிஸ்க் கோல்ஃபைக் காட்டுக்குள் இறக்கிவிட்டார். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. ஓரம் கூரான பிளாஸ்டிக் தட்டை எறிந்து, மரங்களுக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் சங்கிலிக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எறியில் விழுத்துகிறவர் வென்றவர். சொந்தக் காடு, கேட்பார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடி, ஜோடி ஜோடியாகப் புறப்படுவோம். ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த ஒரே சொர்க்கம் அது. மற்றச் சொர்க்கங்களுக்கு வீட்டில் அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது ஏழாவது கூடைக்கு வருகிறேன். எறியும் இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. யானை படுத்திருப்பது போல ஒரு முட்புதர் குறுக்கே கிடக்கிறது. தட்டை வளைத்து எறிந்தால் புதரைச் சுற்றிக்கொண்டு போய், பின்னாலுள்ள ஓக் மரத்தடியில் இறங்கும். அந்த நேரம் அங்கே ஆள் நின்றால் ஆபத்து. ஆகவே சபாரத்தினம் ஓக் கிளையில் ஒரு வெண்கல மணியைக் கட்டினார். ஆடி முடித்தவர்கள் மணியை அடித்துவிட்டு அப்பால் போய்விட வேண்டும். மணி கேட்ட பிறகுதான் பின்னால் வருபவர் எறியலாம். அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. இதை அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

கோபாலகிருஷ்ணன் பிறகு வந்து சேர்ந்தவர். திருச்சிக்காரர், விம்பிள்டன்வாசி, வீதி போடும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப் வைத்திருப்பார். என் தட்டு காட்டைத் தாண்டி, கென்டைத் தாண்டி, பிரான்ஸ்காரனின் தோட்டத்தில் விழுந்தது என்று நான் சொன்னால், அவர் அமைதியாகப் போய் அளந்துவிட்டு வருவார்.

"நாப்பது கஜம் சார். உங்க வயசுக்கு நல்ல எறிதான்."

அளந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஆறுதலைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன கோடையில் அவரும் நானும் ஜோடி. ஏழாவது கூடையில் நான் ஒரே எறியில் விழுத்திவிட்டதாகச் சொன்னேன். காட்டின் வரலாற்றில் யாரும் செய்யாத காரியம். சபாரத்தினம் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கே அவர் வீட்டில் விருந்து. நான் கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டு போன வழியை விவரித்தேன். ஒரு மரங்கொத்தி ஒதுங்கி அதற்கு வழிவிட்ட இடம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"மன்னிக்கணும் சார்," என்றார் கோபாலகிருஷ்ணன். "தட்டு கூடைக்கு வெளியில, புல்லுலதான கிடந்துச்சு? நான்தானே எடுத்து உங்க கையில குடுத்தேன். ஒன்றரை அடிதான் வித்தியாசம். அதனால என்ன, பிரமாதமான எறி."

உண்மைதான். புல்லில்தான் கிடந்தது. ஆனால் ஒன்றரை அடியை விட்டுக்கொடுத்தால் ஒரு மனிதன் தேய்ந்தா போய்விடுவான்? எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருந்தவர்களில் நான்தான் அதிகம் சிரித்தேன்.

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வரும் எதுவும் செல்லவில்லை. "அண்ணை, உங்கடை பக்கம் மழையோ?" என்று சபாரத்தினம் தொலைபேசியில் கேட்பார். கடும் மழை என்பேன். "கோபால் அளந்தவரோ?" என்பார். முதுகுப் பிடிப்பில் இரண்டு நாள் படுத்திருந்தேன். என் மனைவி அருள்நாயகி சுடுதண்ணீர்ப் பையோடு வந்து நின்று, "எவ்வளவு நோகுதெண்டு கோபாலண்ணையைக் கூப்பிட்டுக் கேக்கட்டோ?" என்றாள். உண்மையாகவே நொந்தது, மகள்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. என் பேச்சுக்குக் குறுக்கே நின்ற அந்தத் தடைதான் நீங்க வேண்டியிருந்தது.

ஒருநாள் ரயிலில் வரும்போது அவர் தன் ஊர்க் கதை சொன்னார். "எங்க தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு மணி தொங்கும் சார். வர்றவன் போறவன் எல்லாம் அடிப்பான். நான் அடிச்சுட்டுக் கண்ண மூடினேன்னா, பின்னாடி பஸ்ஸே வந்தாலும் தெறக்க மாட்டேன்." எங்கள் ஊரில் கோயில் மணியில் நாங்கள் கை வைப்பதில்லை, அது ஐயர் வீட்டு வேலை. எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. சபாரத்தினத்தின் சட்டப்படி மணியை அடித்துவிட்டுப் போக வேண்டும். இவர் பழக்கப்படி மணியை அடித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் பிள்ளையார் சிலை வாங்கினேன். முழ உயரம், சாந்தமான முகம். ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் போய் அந்த ஓக் மரப் பொந்தில் வைத்தேன். சந்தனமும் பொட்டும் வைத்தேன், பூவும் வைத்தேன். மரத்தடியில் பிள்ளையார் வைப்பது குற்றமென்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் மறியலில் கம்பி எண்ண வேண்டும்.

அன்று சபாரத்தினமும் கோபாலகிருஷ்ணனும் முன்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் கிறிஸ்துநாயகமும். ஏழாவது கூடையில் ஆடி முடித்ததும் சபாரத்தினம் தலையில் ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டாராம். கோபாலகிருஷ்ணன் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார். அதனால் சற்றுத் தாமதம். பிறகு மணி கேட்டது. நன்றாக, மூன்று முறை.

"மணி கேட்டிட்டுது, எறியுங்கோவன் அண்ணை," என்றார் கிறிஸ்துநாயகம்.

நான் எறிந்தேன். காதுக்குச் சற்று மேலே பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்துபோனார். அவருடைய முகத்தில் பதற்றமே இல்லை என்று சபாரத்தினம் சொன்னார். கும்பிட்டபடி போனவர் அல்லவா.

இனித்தான் என் முறைப்பாடு. அந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். விபத்து என்கிறார்கள். மணியை அடித்தது அவர்தானே என்கிறார்கள். ஆள் நிற்பது தெரியாமல் எறிந்த எறி, விதி கொண்டுபோய் விழுத்தியது என்று செல்வமலர், சபாரத்தினத்தின் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விதியா எறிந்தது? கோடை முடிந்ததிலிருந்து, ஆளில்லாத நாட்களில் நான் அங்கே தனியே போய், அந்தக் கிளையில் என் ஓவர்கோட்டை அவர் உயரத்துக்குத் தொங்கவிட்டுப் பழகியவன். முதலில் புதரில் விழும். பிறகு மரத்தில் விழும். பிறகு கொலரில் விழத் தொடங்கியது. கடைசி வாரம் ஒன்றுகூடத் தவறவில்லை. இந்த இடத்தில் நான் கூட்டவில்லை.

கோட்டைக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். கொலர் கிழிந்திருப்பது பூச்சி அரித்தது என்கிறார். பிள்ளையாரை நான்தான் வைத்தேன் என்றேன். பக்தியுள்ள முதியவர் என்று எழுதினார். சபாரத்தினத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர், "அண்ணை சரியான புளுகர், கவலையில எதையோ சொல்லுறார், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கோ," என்றாராம். என் வாழ்நாளில் நான் செய்த ஒரேயொரு சுத்தமான எறி, அதை யாரும் என் பெயரில் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார், பாருங்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மகள். வெளியே வெளிச்சம் இன்னும் இருக்கிறது. காட்டுக்குப் போவோம். அவரும் வரட்டும், சபாரத்தினத்தையும் அழைக்கட்டும். நம்பிக்கையில்லாதவர் யாராவது ஒருவர் அந்த மரத்தடியில் போய் நின்று மணியை அடிக்கட்டும்.

இன்னொரு தடவை எறிந்து காட்டுகிறேன்.