லண்டனில் காற்று அடித்தால்

வளைகுடாவில், முவைலா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர், டூட்டி முடிந்து திரும்புகிறவர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கரண்ட் விலை ஏறினால்தான் என்ர மனுசி எனக்குக் கோல் எடுப்பா.”

மற்றவர், தஞ்சாவூர்ப் பேச்சுக்காரர், திரும்பினார். “என்னண்ணே சொல்றீங்க?”

“அவ பிள்ளையளோட லண்டனில. அங்க சந்தை விலையோட சேர்ந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கரண்ட் விலை மாறுற திட்டம் ஒண்டு இருக்கு. மலிவான நேரம் சமையல், உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் செய்வா. விலை ஏறினால் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு என்னோட கதைப்பா.”

“இதை அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?”

“நான்தான். மிச்சம் பிடிக்கலாமெண்டு.”

“இப்ப என்ன பாக்குறீங்க?”

“நாளைய விலை. இண்டைக்கே போட்டிடுவாங்கள்.”

“ஏறுதா?”

“இல்லை. அங்க காத்தாலைக் கரண்ட்தான் கூட, காத்தடிச்சால் விலை விழுந்திடும். இந்தக் கிழமை முழுக்க நல்ல காத்து. ஒரு கோலும் இல்லை.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் காத்துத்தான்.”

“நல்லதுதானேண்ணே, செலவு கொறையும்.”

“ஓம். அவவுக்கு நல்லது.”

போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ஸ்டாப் வரும்வரை இரண்டு முறை நிமிர்த்திப் பார்த்தார்.