கட்டைவிரல் அளவு ரோட்டர்

பழைய கார்ல எது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க சார். பானெட்டைத் தூக்கினா, சின்ன டப்பா மாதிரி உருண்டையா இருக்கறது காயில். அதுலேர்ந்து போற தடி வயரைப் பிடிச்சுக்கிட்டே போனா ஒரு கருப்பு மூடி வரும். அங்கேர்ந்து நாலு வயர், நாலு பிளக்குக்கு. மூடியைக் கழட்டினா உள்ள கட்டைவிரல் அளவுல ரோட்டர். அதை எடுத்துட்டா வண்டி இருமிக்கிட்டே இருக்கும், கிளம்பாது. எங்க வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்ல முப்பது வருஷம் கூடமாட நின்னவ நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானா போகும்.

அவர் போனப்புறம் காரை மகன் எடுத்துக்கிட்டான். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மருமகளோட வருவான். சாப்பிட்ட கை காயறதுக்குள்ள வாட்சைப் பார்ப்பான். "இன்னும் கொஞ்ச நேரம் இரேண்டா"ன்னா, "டிராஃபிக் ஆயிடும்மா"ம்பான். அப்புறம் ஒரு மாசம் எனக்கு ஃபிரிட்ஜ் சத்தம்தான் துணை.

முதல் தடவை ரோட்டரை எடுத்தப்போ எனக்கே சிரிப்பு வந்துது. ரெண்டு நாள் இருந்தான். பாத்ரூம் குழாயைச் சரி பண்ணினான். சோபாலயே தூங்கிட்டான், போர்த்திவிட்டேன்.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் எங்க வீட்டுக்காரர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். பிளக்கை மாத்தினார், வயரை மாத்தினார். மூடிகிட்ட கை போனப்போ, "அதை நான் காலையிலேயே தொடச்சு வெச்சுட்டேன் தம்பி"ன்னேன்.

"அண்ணி பார்த்தா சரிதான். அண்ணனே உங்களைக் கேட்டுட்டுத்தானே கை வெப்பாரு"ன்னு சிரிச்சார்.

அவர் டீ குடிக்கப் போனப்போ திரும்பப் போட்டுட்டேன். கடைசியா எதை மாத்தினாரோ அதுக்குப் பேர் கிடைச்சுது. இப்படி நாலு தடவை சார்.

அஞ்சாவது தடவைதான் போன ஞாயிறு. சாப்பிட்டதும் மகனுக்கு நெஞ்சை அடைச்சுது. மருமக அவனைப் பின்சீட்டுல சாய்ச்சுட்டு சாவியைத் திருப்பினா. திருப்பிக்கிட்டே இருந்தா.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, என்னன்னு பாருங்களேன் அத்தை"ன்னா.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோட்டர் என் இடுப்புல சொருகியிருந்துது. போட ஒரு நிமிஷம் போதும். ஆனா போட்டா அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ரெண்டு பேரும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாங்க. அதனால, "காயில் போயிருக்கும்மா"ன்னேன்.

ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம் ஆச்சு. வந்தப்போ அவன் இல்ல.

ரோட்டரைக் காணோம், நாலு தடவையும் வண்டியில கை வெச்சவர் அவர்தான்னு மெக்கானிக்கை உள்ள வெச்சிருக்கீங்களாமே. அவரை விட்டுடுங்க. வீட்டுல அவர் சம்சாரம் தனியா இருப்பா, பாவம். இந்தாங்க, ரோட்டர்.

கூட இருக்கணும்னு நினைச்சது மட்டும்தான் நான் செஞ்சது. அந்த நாப்பது நிமிஷமும் அவன் தலை என் மடியிலதான் இருந்துது. போகணும்னு ஒரு வார்த்தை சொல்லல சார். அவனுக்கும் என்கூட இருக்கத்தான் பிடிச்சிருந்துது.