ஏழாம் எண் வீடு ஒன்றுதான்

உங்கள் அறை நல்ல கதகதப்பாக இருக்கிறது, மேடம். பிப்ரவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இந்தக் கட்டடத்தில் இன்னும் பழைய குழாய்கள்தான் என்று அர்த்தம். பழைய குழாய்களில் அது ஒரு சௌகரியம். யார் வீட்டுக்கு எவ்வளவு வெந்நீர் என்று அவை கேட்பதில்லை. எங்கள் நிறுவனத்தின் புதிய ஏற்பாடு கேட்கும். கேட்கும்படி எழுதியவன் நான்தான்.

கணினி விவரம் கொஞ்சம் வரும். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவருக்குச் சிரமமாக இருந்தால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு அவசரம் இல்லை.

குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கக் குழாயில் வெந்நீர் அனுப்புகிற எங்கள் ஊர் வெப்ப நிறுவனத்தின் வாடிக்கையாளர் அட்டவணை என்னைவிட வயதில் மூத்தது. அதை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி எண் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுக்கவில்லை. தெரு, பிளாக், வாசல், வீட்டு எண் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஒரு வீடு. நான்கு துண்டாக உடைந்த ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை விட்டுவிட்டுத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும்.

இந்த அட்டவணையைப் புது மென்பொருளோடு இணைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நடுவில் மேப்பர் என்று ஒன்று உண்டு. அட்டவணையில் ஒரு வரிசையை எடுத்து, நிரலுக்குப் புரிகிற ஓர் ஆளாக்கிக் கொடுக்கும். தனி எண் என்றால் அதற்கு உயிர். துண்டுச் சாவி என்றால் முகம் சுளிக்கும். சாவிக்கென்று தனியாக எழுது, இரண்டு சாவிகள் எப்போது சமம் என்று நீயே சொல் என்று கேட்கும். ஆக, யார் யாருக்குச் சமம் என்று தீர்மானிக்கிற பொறுப்பு கல்லூரி முடித்த கையோடு என்னிடம் வந்து சேர்ந்தது. நானாகத் தேடிப் போகவில்லை.

நான்கு துண்டுகளில் வாசல் மட்டும் படுமோசம். ஒரு பிளாக்குக்கு மூன்று, நான்கு வாசல்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு, தனி வீடுகள், உங்களுக்கே தெரியும். அவற்றைச் சிலர் எழுத்தால் குறித்திருந்தார்கள், சிலர் எண்ணால். பலர் குறிக்கவே இல்லை. ஒருவர் ‘குப்பைத்தொட்டிப் பக்கம்’ என்று எழுதியிருந்தார். இதை எங்கள் பிரிவுத் தலைவர் காமெனிடம் காட்டினேன்.

“வாசல் எதுக்குடா? வீட்டு நம்பர்தான் இருக்கே,” என்றார். “எங்க பிளாக்ல முதல் வாசல் பதினெட்டுல முடிஞ்சா, அடுத்த வாசல் பத்தொன்பதுல ஆரம்பிக்கும். உங்க பிளாக்ல எப்படி?”

“அதே மாதிரிதான்.”

“அப்புறம் என்ன? தூக்கு.”

பழியை அவர்மேல் போடுகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். சொன்னவர் அவர், தூக்கியவன் நான். மூன்று துண்டுகள் பொருந்தினால் இருவரும் ஒருவரே என்று விதி எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. காமென் அதை மேலிடத்துக்குக் காட்டினார். தலைநகரில் பொறியாளர்கள் கூடுகிற மாநாட்டில் வரும் வசந்த காலத்தில் நான் அதைப் பற்றிப் பேசுவதாகவும் ஏற்பாடாயிற்று.

பதினான்காம் பிளாக்கைக் கட்டியது அந்தக் காலத்துக் கட்டுமானப் படைவீரர்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் ஒவ்வொரு வாசலிலும் வீட்டு எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள். இராணுவத்தில் ஒவ்வொரு அணியும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

மேப்பர் நேர்மையானது, அதைச் சொல்லியாக வேண்டும். அந்த பிளாக்கில் முதல் முறை ஒரு வீட்டு விவரத்தை மாற்றியபோதே, ‘ஒரு வரிசை மாறும் என்று எதிர்பார்த்தேன், இரண்டு மாறியிருக்கின்றன’ என்று எச்சரித்து வேலையை நிறுத்திவிட்டது. அந்த எச்சரிக்கையை அணைக்க ஒரு வரி போதும். அணைத்தேன். அதன்பிறகு மென்பொருள் ஒருமுறைகூட நிற்கவில்லை.

சரியான சாவியை எழுத எத்தனை நாளாகும் என்று நேற்று கேட்டீர்கள். ஒரு மதியம். எழுதியும் வைத்திருந்தேன், இப்போதும் என் கணினியில் இருக்கிறது. வெளியிட்டால், யார் எதை ஏன் மாற்றினார் என்கிற வரலாற்றில் பழைய பிழையின் பக்கத்தில் என் பெயர் வரும். மாநாட்டுக்கு முன்னால் அது நன்றாக இருக்காது. தவிர, இன்னொரு பக்கமும் யோசித்தேன். விதிப்படி பதினான்காம் பிளாக்கில் ஏழாம் எண் வீடு ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு இருக்கிறது என்றால் பிழை விதியில்தான் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

நம் நாட்டில் இப்படிப்பட்ட மோதல்கள் தாமாகவே தீர்ந்துவிடும், மேடம். ஒருவர் ஜெர்மனிக்குப் போவார், இன்னொருவர் மகனோடு போய்விடுவார். வீடு காலியானால் இரண்டில் ஒரு வரிசையை மூடிவிடலாம். போகாதவர்களுக்கு வாசற்கதவு இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் பதினான்காம் பிளாக்கின் கதவுகளில் ஒட்டியிருக்கும் இறப்பு அறிவிப்புகளைப் பார்த்துவிட்டுப் போவேன். புகைப்படம், பெயர், வயது, துயருறும் குடும்பத்தார். மற்ற நிரலாளர்கள் காலையில் சோதனை முடிவுகளைப் பார்ப்பார்கள், நான் கதவைப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் மோதல்கள் பாதிக்குமேல் தீர்ந்துபோயின. நான் யாரையும் தொடக்கூட இல்லை.

கடைசியில் மிஞ்சியது ஏழாம் எண். முதல் வாசல் ஏழில் ரூமென், லாரி ஓட்டுநர். இரண்டாம் வாசல் ஏழில் வெனெதா அத்தை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாள். போன இலையுதிர் காலத்தில் ரூமென் ஸ்பெயினுக்குப் போகும்போது தன் வீட்டு வெப்பத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தார். நிறுத்தினோம். இரண்டு வீட்டு வெந்நீர் வால்வுகளும் மூடிக்கொண்டன.

வெனெதா அத்தை எங்கள் கவுண்டருக்கு வந்த அன்று நான் பின்னால்தான் நின்றிருந்தேன். கவுண்டரில் டோன்கா.

“சிஸ்டத்துல உங்க பேரு ரூமென்னு இருக்கு, அத்தை. நீங்க ஸ்பெயின்ல இருக்கீங்க. நீங்களே கேட்டுத்தான் மூடியிருக்கீங்க.”

“ஸ்பெயின்லயா? அப்ப எனக்கு ஏன் மூக்கு ஒழுகுது?”

“நான் என்ன பண்ணட்டும்? திரை அப்படிச் சொல்லுது.”

“உன் திரைகிட்ட சொல்லு. ரூமென் அடுத்த வாசல்காரன், மீசை வெச்சிருப்பான். எனக்கும் கொஞ்சம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்த அளவுக்கு இல்ல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டோன்கா நல்ல பெண். திரையை மீறி, கவுண்டர் கணினியில் தானே கட்டளை கொடுத்து அத்தையின் வால்வைத் திறந்துவிட்டாள். மறுநாள் மென்பொருள் கணக்கைச் சரிபார்த்து மறுபடி மூடியது. டோன்கா திறந்தாள், அது மூடியது. இப்படியே போனால் தரவு அசுத்தமாகும் என்று, வால்வை இப்படித் திறக்கும் உரிமையைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டேன். மனிதர்கள் இடையில் கைவைத்தால் எந்த ஏற்பாடும் உருப்படாது. இதை மாநாட்டு உரையிலும் ஒரு வாக்கியமாகச் சேர்த்திருக்கிறேன்.

அக்கறையில்லாதவன் என்று நினைக்கிறீர்கள். என் சொந்தக் காசில் ஒரு மின் கணப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கம்பளிக் கோட்டும் குல்லாவுமாகக் கதவைத் திறந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பச்சை வால்நட்டில் தானே போட்ட ஜாமைச் சின்னத் தட்டில் வைத்து, கரண்டியும் தண்ணீரும் கொடுத்தார். உட்கார வைத்துவிட்டுத்தான் திட்டவே ஆரம்பித்தார்.

“கணப்பு நல்லாத்தான் இருக்கு, தம்பி. இதைப் போட்டா விளக்கு அணையுது, விளக்கைப் போட்டா இது அணையுது. இந்த பிளாக் ஒயரு அவ்வளவுதான் தாங்கும். உன் கம்பெனி எனக்கு எதைத் தரதா இருக்கு, வெளிச்சமா, சூடா?”

“மகள் கனடாவுலதானே இருக்காங்க, அத்தை? குளிர் முடியற வரைக்கும் அங்க போயிட்டு வரலாமே.”

“குளிருக்குப் பயந்து கனடாவுக்கா? நான் பூகோளம் நடத்தினவ.”

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “அப்ப இதுல ஒரு கையெழுத்து போடுங்க. எல்லாம் ஒழுங்காயிடும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். “வெப்பத்தை நிறுத்தும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்னு எழுதியிருக்கு.”

“ஏற்கெனவே நின்னுதானே போச்சு. பேப்பரும் அதையே சொல்லிட்டா குழப்பம் இருக்காது பாருங்க.”

“ஆக, குளிர்ல உக்கார நானே மனு போடணும்.” கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். “உன்னைப் பெத்தவ உயிரோட இருக்காளாடா?”

“இருக்காங்க.”

“எந்த வாசல்?”

“எங்க பிளாக்ல நம்பர் தொடர்ச்சியாத்தான் போகும், அத்தை.”

“குடுத்து வெச்சவ,” என்றார். கையெழுத்துப் போடவில்லை. போகும்போது மீதி ஜாமை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

அவர் கையெழுத்திட்டிருந்தால் இரண்டு வரிசைகளும் ஒன்றையே சொல்லியிருக்கும், நீங்களும் நானும் இங்கே உட்கார வேண்டி வந்திருக்காது. அவருடைய பிடிவாதத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரியில் நான் மறுபடி போனதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு உறைந்திருந்த வாரம் அது. அவருடைய புகார் இன்னும் திறந்தே இருந்தது, காமென் தினமும் நச்சரித்தார். “ஒரு கிழவி, ஒரு புகார். மாநாட்டுக்கு இதையும் தூக்கிக்கிட்டா போவ? முடிடா அதை.”

காலையில் போய் மணி அடித்தேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது படிக்கட்டு ஓரமாக மேல்மாடிக்குப் போகும் வெந்நீர்க் குழாயில் சத்தம் கேட்டது. மூன்று முறை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று முறை. கரண்டியால் தட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். நான் மறுபடி கூப்பிட்டபோது சற்று வேகமாகக் கேட்டது. பிறகு இடைவெளி நீண்டது. ஒரு சிகரெட் முடிகிற வரை நின்று கேட்டேன்.

அவர், அந்தக் குழாய் வந்து சேரும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்ததாகவும், அன்று மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொல்வதாகவும் சொன்னீர்கள். கையில் கரண்டி இருந்தது என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். ஜாம் சாப்பிடுகிறவர்.

வால்வு மூடியிருந்தது, அதைத் திறக்கும் உரிமை என் ஒருவனிடம்தான் இருந்தது, நான் திறக்கவில்லை. மூன்றையும் மறுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அலுவலகத்துக்குப் போய் அவருடைய புகாரில் ‘வெப்பம் வந்துவிட்டது’ என்று எழுதி முடித்ததைப் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள், மேடம். நானும் இந்த ஊர்க்காரன்தான். வெந்நீர் ஏறும்போது குழாய் அப்படித்தான் சத்தம் போடும்.