எனக்கு மட்டும் "நல்லா இருந்துச்சு"

— சட்டைய மாத்திட்டுப் பேசுங்க. தோட்டத்து மேல் டிவிசன் மழை முழுக்க உங்க முதுகுலதான் இருக்கு. ஆனா ஒன்னு இப்பவே சொல்லிர்றேன். நாளைக்குச் சபையில திருவிருந்துக்கு எல்லாரும் முன்னால வர்றப்ப நா எந்திரிக்க மாட்டேன்.

— என்னா கிருஷா இது. பாஸ்டர் பொஞ்சாதியே அப்பம் எடுக்காம உக்காந்திருந்தா சபை என்னா நெனைக்கும்?

— ஒருத்தர் மேல கசப்பை வச்சிக்கிட்டு எடுக்கக் கூடாதுன்னு மாசாமாசம் நீங்கதானே சொல்றீங்க. எனக்குக் கசப்பு இருக்கு. ரெண்டு பேரு மேல இருக்கு. ஒருத்தி தனுஷிகா. மத்த ஆளு ஈரச் சட்டையோட எம் முன்னால நிக்கிறாரு.

— தனுஷிகா என்னா பண்ணுனா? சின்னப் புள்ள. நம்ம ஞாயிறு பாடசாலையில பாட்டுச் சொல்லிக் குடுக்குறா, அவ்வளவுதானே.

— ஆமாமா, சின்னப் புள்ளதான். எம் புதன்கெழமை பொம்பளைங்க ஜெபக் கூட்டத்தை அப்படியே சுருட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டா. நா இங்க பாய விரிச்சு வச்சிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். வேலாயி ஒருத்திதான் வருது, அதுக்கும் காது கேக்காது. வியாழக்கெழமை அவ வீட்டுல போய்ப் பாருங்க, செருப்பு கழட்டி வைக்க எடமில்ல.

— தேயிலைக் கொழுந்து நெறுத்துட்டு வர்ற வழியில அவ வீடு. கிட்டத்துல இருக்குன்னு போறாங்க போல.

— பாத்தீங்களா, இந்தப் பூசி மெழுகுறதுதான் எனக்கு ஆகாது. இன்னைக்கும் அவ வீட்டுக்குத்தானே போயிட்டு வர்றீங்க.

— அவ அம்மாவும் கூடத்தான் இருந்தாங்க.

— நா அதைக் கேக்கல. அந்தப் பயம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. இது வேற பொறாமை. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்றேன். நீங்க அவளைக் கண்டிக்கிறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறாமை.

— கண்டிக்கிறதுக்கா பொறாமை?

— போன மாசம் புள்ளைங்கள்ட்ட சும்மா சும்மா கோவப்படுறான்னு அவளை உக்கார வச்சுச் சொன்னீங்க. அவ அதை எங்கிட்டயே வந்து சொல்லி சந்தோசப்படுறா. 'ஐயா என்னயும் ஒரு ஆளா மதிச்சுத் திருத்துறாரு அக்கா'ங்கிறா. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. செல்லசாமி அண்ணன் தோள்ல கையப் போட்டுக் குடிய விடுன்னு சொன்னீங்க. மருமகளை நடத்துற விதம் சரியில்லன்னு வீரம்மாவுக்கு அவ அடுப்படியிலயே உக்காந்து சொன்னீங்க. உண்மைய அன்போட சொல்லணும்னு பிரசங்கம் வேற. புதன்கெழமை நா பேசி முடிச்சிட்டு வீட்டுக்குள்ள உள் காம்பராவுக்கு வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா மட்டும் நீங்க என்னா சொல்வீங்க?

— நல்லா இருந்துச்சும்பேன்.

— பாய் நெறைய ஆளு இருந்தப்பவும் நல்லா இருந்துச்சு. வேலாயி ஒருத்தி இருந்தப்பவும் நல்லா இருந்துச்சு. ஊருக்கெல்லாம் மருந்து, எனக்கு மட்டும் சீனி. அப்ப நா திருத்துறதுக்குக் கூட லாயக்கில்லாதவளா?

— அப்படியில்ல கிருஷா. சொன்னா நீ கோவப்படுவே.

— படுவேன். செல்லசாமி அண்ணனும்தான் பட்டாரு, பாக்குற எடத்துலயெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாரு. நீங்க அவரு வீட்டுக்குப் போகாம விட்டீங்களா? சொல்லுங்க பாப்போம். பொம்பளைங்க ஏன் எங்கிட்ட வர்றதில்ல?

— உங்கிட்ட வரப் பயப்படுறாங்க.

— பயமா? நா யாரையாவது ஒரு வார்த்தை ஏசியிருக்கேனா?

— ஏசல. ஜெபம் பண்ணியிருக்க.

— புரியிற மாதிரி சொல்லுங்க.

— அவங்க உங்கிட்ட வந்து மனசு விட்டு அழுவுறாங்க. நீ மறுநாள் காலைல சபை வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் ஜெபம் போடுற. பேரோட போடுற. இன்னார் வீட்டுல புருசனும் பொஞ்சாதியும் பேசிக்கிறதில்ல ஆண்டவரே, சேத்து வைங்கன்னு போடுற. கேக்குறவங்க ஆமென் போட்டுட்டு அடுத்த குரூப்புக்கு அனுப்பிவிடுறாங்க.

— மனசுல பாரத்தோடதானே ஜெபிச்சேன். பேரு சொல்லாம எப்படி ஜெபிக்கிறது?

— பாரம் இருந்துச்சு, இல்லங்கல. எனக்குத்தான் எல்லாம் மொதல்ல தெரியும்ங்கிற பெருமையும் அதுல கொஞ்சம் இருந்துச்சு.

— நிறுத்தாதீங்க. இன்னும் ஏதோ இருக்கு, உங்க மூஞ்சியிலயே தெரியுது.

— காளியாயி அக்கா மக, கொழும்புல கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன எடத்துல ஒருத்தனை நம்பி ஏமாந்து வந்துச்சு. அந்தக்கா அதை உங்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. அந்தப் புள்ள மனசு ஆறணும்னு நீ வாய்ஸ் போட்டே. அது சுத்தி நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் போயிருச்சு. பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீடு அங்கதான்.

— அவங்க கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை வந்ததாலன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க.

— பொய் சொன்னேன். அந்த வாய்ஸைக் கேட்டுட்டு இந்தச் சம்மந்தமே வேணாம்னுட்டாங்க.

— அது போன கிறிஸ்மஸுக்கு முன்னால. அடுத்த கிறிஸ்மஸே வரப்போகுது. இவ்வளவு நாளும் நா தெனம் காலைல வாய்ஸ் போட்டுக்கிட்டு இருந்தேன், நீங்க பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க.

— ஆமா.

— காளியாயி அக்காவைக் கடைக்கிட்ட பாத்து, கூட்டத்துக்கு வர்றதில்லயே, விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டீங்களான்னு நா கேட்டேன். கேட்டேங்க. அந்தம்மா என்னயப் பாத்துச் சிரிச்சிட்டுப் போச்சு. எப்படித்தான் சிரிக்க முடிஞ்சிச்சோ.

— உக்காரு கிருஷா.

— தொடாதீங்க. இன்னைக்கு மட்டும் எங்க இருந்து தைரியம் வந்துச்சு? தனுஷிகா ஓதி விட்டாளா?

— நா அவ வீட்டுக்குப் போனதே வேற விசயத்துக்கு. வியாழக்கெழமை கூட்டத்தை நிறுத்திருன்னு சொல்லப் போனேன். புதன்கெழமை வந்தா நீ வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிற, எனக்குப் பாக்க முடியல.

— எனக்காகவா போனீங்க? அவ என்னா சொன்னா, முடியாதுன்னாளா?

— சரிங்க ஐயான்னா. மறுபேச்சே இல்ல. அப்புறம் கேட்டா. 'எங்க எல்லாரு குத்தத்தையும் சொல்லித் திருத்துறீங்க, அக்காவை மட்டும் ஏன் அப்படியே விட்டுட்டீங்க? பொம்பளைங்க அக்காவைப் பத்திப் பேசுறப்ப வாய மூடுங்கன்னு நாந்தான் சண்டை போடுறேன். நானே வந்து அக்காகிட்ட சொல்லிருப்பேன். நா சொன்னா அக்காவுக்கு ரொம்ப வலிக்கும். நீங்க சொன்னாத்தான் தாங்குவாங்க'ன்னா.

— தனுஷிகாவா சொன்னா?

— அவதான். மழை விடுறதுக்குக் கூட நிக்காம நேரா வீட்டுக்கு வந்துட்டேன்.

— இந்த வீட்டுக்குள்ள வச்சு அவளை நா என்னென்ன ஏசியிருக்கேன். கடைசியில இந்தத் தோட்டத்துல எம்மேல உண்மையா அன்பு வச்சது அவ ஒருத்திதான். அதுவும் எனக்கு எரியுது பாருங்க. அந்த எடத்துல நீங்கதான் இருந்திருக்கணும்.

— எனக்கும் உம்மேல அன்புதான் கிருஷா.

— அன்பு இருக்கு. அதை விடப் பெரிசா பயம் இருக்கு. ரெண்டு நாளு நா பேசாம இருந்தா தாங்காதுன்னு பயந்து, ஒரு புள்ள வாழ்க்கை கெட்டதையே மூடி வச்சிட்டீங்க. அந்தக் குடைய எடுங்க. நா காளியாயி அக்கா வீட்டுக்குப் போறேன்.

— இரு, நானும் வர்றேன்.

— வேணாம். நீங்க வந்து நின்னா பாஸ்டர் மூஞ்சிக்காக மன்னிச்சேன்னு சொல்லிருவாங்க. அந்தம்மா என்னய வாய் நெறைய ஏசணும். புள்ள முன்னாலயும் நா நிக்கணும். திரும்புறப்ப தனுஷிகா வீட்டுக்குப் போய், கூட்டம் உன் வீட்டுலயே நடக்கட்டும்னு சொல்லிட்டு வர்றேன். சொல்றப்ப எரியும். எரிஞ்சா எரியட்டும்.

— அப்ப நாளைக்கு எல்லாரோடயும் நீயும் எந்திரிச்சு வருவேதானே? எனக்கு அது போதும்.

— போதாது. ஹட்டன்ல இருக்கிற பெரிய பாஸ்டருக்குப் போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லுங்க. அப்பம் அவரு குடுக்கட்டும்.

— அவரு எதுக்கு? நா இருக்கேனே.

— எங் குத்தம் தெரியாம பண்ணுனது, ஏச்சு வாங்குனா கொஞ்சமாவது கழுவும். நீங்க தெரிஞ்சே பொய் சொல்லிட்டு, மாசாமாசம் அதே கையால காளியாயி அக்காவுக்கு அப்பம் பிச்சுக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கு ஒரு நாள்ல தீராதுங்க. நாளைக்கு மேடைய விட்டு எறங்கி எம் பக்கத்துல வந்து உக்காருங்க, நீங்க எந்திரிக்கிற அன்னைக்கு நானும் எந்திரிக்கிறேன்.