இரண்டாம் ரிமோட்டில் இல்லாத பட்டன்

மே மாதத்து டெல்லியில் ஃப்ரிட்ஜ் இல்லாமலும் குடும்பம் நடத்தலாம், மாமா. பலருக்கு இது தெரிவதில்லை. பாலைக் காலையில் வாங்கிக் காலையிலேயே காய்ச்சிக் குடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. மாவை அன்றன்றைக்கு வாங்கலாம். தண்ணீருக்கு மண்பானை இருக்கிறது. உடம்புக்கு அதுதான் நல்லது என்று நீங்களே பல தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே, ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியதை உங்கள் மகள் ஒரு குற்றமாகச் சொல்லியிருந்தால், அதை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே போகலாம்.

நீங்கள் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து, வலிக்கிற முழங்காலோடு இந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு மாடி ஏறியிருக்கிறீர்கள். காபியைக் குடித்துவிட்டு, "மாப்ளே, பயப்படாதீய. நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றீர்கள். பயமெல்லாம் இல்லை. நடந்தபடியே சொல்கிறேன். தமிழ்செல்வி சமையலறையிலிருந்தே கேட்டுக்கொள்ளட்டும். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வைத்தால் நல்லது. தரை அதிர்கிறது.

எல்லாம் ஆல்பர்ட்டிலிருந்து தொடங்குகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஆபீஸ், ஒரே பஸ். ஒரு பிறந்தநாளுக்கு அவனுக்கு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார்கள். கேசட் சொருகி ஆடுகிற பெட்டி. பாட்டுக் கேசட் இல்லை. உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் பிளாஸ்டிக்கில் இருக்கும். படம் வராவிட்டால் அதை வெளியே எடுத்து, அடிப்பக்கம் வாயை வைத்து ஊதி, மறுபடி சொருக வேண்டும். ஊதினால் ஏன் வேலை செய்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் செய்யும்.

நாங்கள் ஆடியது டாங்க் கேம். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எதிரி டாங்குகள் சுட்டுக்கொண்டே இறங்கும். அவன் ஒரு டாங்க், நான் ஒரு டாங்க். எங்களுக்கு எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் சரி, கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது.

பெட்டி ஆல்பர்ட்டுடையது. அதனால் முதல் ரிமோட் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கிற பட்டன் அது. அவனுக்குத் தாகமெடுத்தால் நிறுத்துவான். அவன் அம்மா கூப்பிட்டால் நிறுத்துவான். சும்மா மூக்கு அரித்தால்கூட நிறுத்துவான். எனக்கு அவசரமாக பாத்ரூம் வந்தால் நான் காலைப் பின்னிக்கொண்டு ஆடுவேன். சொல்லிக்காட்டவில்லை மாமா, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அவன் அப்பாவுக்கு சென்னைக்கு மாற்றல் வந்தது. வாசலில் லாரி நிற்கிறது, நாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குப் பார்த்து, அதுவரை எட்டாத ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டோம். திரை முழுக்கப் பச்சைக் காடு. ஆல்பர்ட் ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டு, "இர்றா, அம்மா கூப்பிடறாங்க, வந்துடறேன்" என்று எழுந்து போனான். நான் இரண்டாம் ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரர் ஒருவர் வந்து, "ஹடோ பேட்டா" என்று என்னை நகர்த்திவிட்டு டிவியைத் தூக்கினார். அன்றைக்கு அழுதேன். அது வேறு விஷயம்.

போன குளிர்காலத்தில், மொபைலுக்கு கவர் வாங்க பாலிகா பஜாருக்குப் போனேன். கடைக்காரர் எதையோ தேடும்போது அலமாரி மேலிருந்து அதே மாதிரி ஒரு பெட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். கேசட்டும் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். கவர் வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டிலிருக்கும் புது டிவியில் அந்தப் பெட்டியின் வயரைச் சொருக இடமில்லை. காலனிக்கு வரும் கபாடிவாலாவின் வண்டியில் ஒரு பழைய டப்பா டிவி கிடந்தது. பழைய சாமான் எடுக்க வந்தவரிடமே சாமான் வாங்கியவன் இந்தக் காலனியில் நான் ஒருவன்தான். "பக்கா, சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், பாவம்.

ஆபீஸ் விட்டு வந்ததும் ஆடினேன். தனியாக, முதல் ரிமோட்டில். கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சைக் காடு வந்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். எல்லாம் நின்றது. மாமா, என் வாழ்க்கையில் நானாக நிறுத்தி எதுவும் நின்றது கிடையாது. ஆபீஸில் ஃபைலை நிறுத்துகிறவர்கள் மேலே இருக்கிறார்கள். வீட்டில் என்ன நிலவரம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் மகள்தான்.

உடனே ஆல்பர்ட்டுக்கு போன் போட்டேன். அவன் சென்னையில் அரசு உத்தியோகத்தில் இருக்கிறான். "அடுத்த வாரம் மீட்டிங்குக்கு டெல்லி வரேன்டா. சாணக்யபுரில கெஸ்ட் ஹவுஸ் போட்டிருக்கு. நேரா உன் வீட்டுக்கு வந்து பாக்கறேன்" என்றான். அவன் வந்து பார்க்கும்வரை அணைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் போயிற்று, முதலிலிருந்து ஆட வேண்டும்.

"ஒரு போட்டோ புடிச்சு அனுப்பிட்டு அணைக்க வேண்டியதுதான?" என்று தமிழ்செல்வி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஆல்பர்ட்டை எனக்குத் தெரியும். நெட்டில் எடுத்த போட்டோ என்று சொல்லிவிடுவான்.

அடுத்த வாரம் மீட்டிங் தள்ளிப்போனது. அதற்கடுத்த வாரமும் போனது. நான் என்ன செய்ய முடியும்? டிவியை அணைத்துவிட்டு, பெட்டியை மட்டும் ஓடவிட்டேன். ஃப்ரிட்ஜ் கிளம்பும்போதெல்லாம் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும். அதனால் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். மிக்ஸியும் அப்படித்தான். சட்னி இல்லாவிட்டால் தோசைக்கு மிளகாய்ப்பொடி இருக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ரொம்ப நேரம் தாங்க வேண்டும் என்பதால் உங்கள் பேத்தி அனன்யா படுக்கிற இடத்து ஃபேனை அதிலிருந்து கழற்றினேன்.

பெட்டியின் அடாப்டர் தொட்டால் சுட்டது. கூலரை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். அனன்யாவுக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளக் கை இருக்கிறது. அடாப்டருக்கு அந்த வசதி இல்லை.

கேசட் கொஞ்சம் லூஸ். அசைந்தால் படம் கலைந்துவிடும். இடுக்கில் சொருக கெட்டியான அட்டை தேவைப்பட்டது. எங்கள் கல்யாணப் பத்திரிகையை ஒரு ஓரமாகக் கிழித்துக்கொண்டேன். உங்கள் பெயரும் தங்கம் அத்தை பெயரும் அச்சடித்திருந்த பகுதி. நல்ல அட்டை மாமா, நீங்கள் அந்தக் காலத்தில் செலவைப் பார்க்கவில்லை.

பெருக்க வரும் அம்மாவை அந்த அறைக்குள் விடவில்லை. அனன்யாவின் பரதநாட்டியப் பயிற்சியை மொட்டை மாடிக்கு மாற்றினேன். குழந்தை குதித்தால் தரை அதிர்கிறது அல்லவா. "அப்பா, ஊப்பர் பஹுத் தூப் ஹை. கால் சுடுது" என்றாள். மேலே ஒரே வெயிலாம். தண்ணீர் பாட்டில் கொடுத்துத்தான் அனுப்பினேன். கால் சுட்டதில் அடவு நன்றாக வேகமெடுத்தது என்று டீச்சரே சொன்னார். இதையெல்லாம் யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

இனி வீட்டு விஷயம். அதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தமிழ்செல்வி வருஷக்கணக்கில் வேண்டிக்கொண்டது உண்மைதான். பெரிய குவார்ட்டர்ஸ், அனன்யாவுக்குத் தனி அறை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழ்த்தளம். நீங்களும் அத்தையும் மாடி ஏறாமல் வந்து எங்களோடு இருக்கலாம் என்றுதான் அவள் கீழ்த்தளம், கீழ்த்தளம் என்று அரற்றினாள். அப்படியே ஒரு வீடு என் பெயருக்கு வந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் அமுக்க வேண்டும். கெடுவுக்குள் அமுக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும், நாமும் கொஞ்ச காலத்துக்கு வேறு வீடு கேட்க முடியாது. டெல்லியில் அரசாங்க வேலை பார்க்கிறவன் பெண்டாட்டியின் தாலியைக்கூட அடகு வைப்பான், வந்த குவார்ட்டர்ஸை விடமாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் வீடு மாற்ற வேண்டுமென்றால் பெட்டியை அணைத்தாக வேண்டும். இன்வெர்ட்டரோடு சேர்த்து டெம்போவில் ஏற்ற முடியுமா என்றுகூட ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து விசாரித்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "பாபிஜி கர் பே ஹை?" என்று, அதாவது வீட்டுக்கார அம்மா வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிற தொனி.

பட்டனை அமுக்கவில்லை. தமிழ்செல்வியிடம் வீடு இன்னும் வரவில்லை என்று சொன்னேன். அவள் வெள்ளிக்கிழமை விரதத்தை நீட்டித்தாள். அதையும் நான் தடுக்கவில்லை. பிறகு அவள் சிநேகிதி மாதங்கி போன் செய்து, "ஏன் அந்த வீட்டை விட்டுட்டீங்க? வேற யாரோ குடி வந்துட்டாங்களே" என்று கேட்டாளாம். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மாவும் மகளும் பாளையங்கோட்டைக்கு போனில் அழுதார்கள். அனன்யா ஹிந்தியில் அழுதாள்.

ஆக, ஒரு பால்ய சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அதுதான் நான் செய்தது. ஆல்பர்ட் வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒரு வீடு போய்விட்டது. வீடு மறுபடி வரும்.

என்ன கேட்டீர்கள்? ஆல்பர்ட் என்றைக்கு வந்தான் என்றா?

போலீஸ் புத்தி போகாது மாமா உங்களுக்கு. மற்றவர்கள் யாருமே அதைக் கேட்கவில்லை.

வந்தான். வந்தது செவ்வாய்க்கிழமை. முறுக்கு வாங்கி வந்தான், மிளகாய்ப்பொடியோடு தோசை சாப்பிட்டான். வீட்டுக்கு கெடு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை இருந்தது. ஆமாம், அவன் போன பிறகும் நாள் இருந்தது. பட்டனை அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. வேண்டுமென்றேதான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? அவன் வந்ததும் டிவியைப் போட்டேன். பழக்க தோஷத்தில் முதல் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். இரண்டாவதைக் கொடுத்தேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "டேய் ஸ்ரீதர், இது முடிஞ்சுபோன ஆட்டம்டா. குண்டு கழுகுக்கு முன்னால வந்து நிக்குது பாரு. சுவர்ல ஒரு செங்கல்கூட இல்ல. நீ மறுபடி ஸ்டார்ட்டை அமுக்கினா அடுத்த செகண்டே அவுட்" என்றான். என் தோளைத் தட்டிக்கொடுத்தான், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி. நான் உடனே டாக்ஸி வரவழைத்து அவனை அனுப்பிவிட்டேன்.

அவன் எப்போதும் அவசரக்காரன். எதையும் முழுசாகப் பார்க்கமாட்டான். நான் தினமும் ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் மாமா, முழங்கால் வலிக்கும். சுவிட்ச் பக்கம் போகாதீர்கள். உட்காருங்கள், டிவியைப் போட்டுக் காட்டுகிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். குண்டு கழுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் படவில்லை.