கதவுக்கு வெளியே ‘வேல் வேல்’

"என் ரெண்டு கிட்னியும் கீழ ஒட்டிக்கிட்டு குதிரை லாடம் மாதிரி இருக்காம்," என்றார் முன் இருக்கைக்காரர்.

மலேசியாவில், பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ். சன்னலில் மழை வழிந்தது. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்கள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் நகர்ந்தன.

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்னு டாக்டர் சொன்னாருல்ல," என்றாள் மனைவி. "கல்லுதான் கெளை விட்டு நெறஞ்சிருக்கு. முதுகுல சின்னதா ஓட்டை போட்டு, உள்ளயே உடைச்சு எடுத்துருவாங்க. நாளைக்கு இந்நேரம் முடிஞ்சிரும்."

"வேணாம். எறங்கிடலாம்." அவர் கை மணியைத் தேடிப் போனது.

"அலமாக்! தைப்பூசத்துக்கு முதுகு பூரா கொக்கி மாட்டிக்கிட்டு காவடி எடுக்கிற ஆளு, ஒரு ஓட்டைக்குப் பயப்படுறீங்களா?"

அவர் விரல் மணி மேலேயே இருந்தது.

"காவடி எடுக்குறப்ப நீ பக்கத்துல நின்னு 'வேல் வேல்'னு கத்துவ லா. ஆபரேஷன் ரூமுக்குள்ள உன்னை விடமாட்டாங்களே."

அவள் சிரிக்கவில்லை.

"கதவுக்கு வெளியே நின்னு கத்துறேன். செக்யூரிட்டி வந்து தொரத்துற வரைக்கும்."

அவர் கை, மணியை அழுத்தாமலே இறங்கியது.

"மெதுவா கத்து," என்றார், கண்ணை மூடிக்கொண்டே. "மத்த பேஷண்டெல்லாம் தூங்குவாங்க."