அக்கா வீடா, ரூமா?

முக்கூடலிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த கணவனிடம் கேட்டாள்: "நாம ராட்டினம் சுத்தப் போறோமா, தோசை சுடப் போறோமா?"

"சென்னையில அக்கா வீடு இருக்கும்போது ரூம் எதுக்குளா?"

"அங்க தங்குனா நான் அடுப்படியிலதான் கெடக்கணும். பிள்ளைகளோட தீம் பார்க்கை நானும் பாக்கணும்லா?"

"அக்கா சங்கடப்படுவாளே. நீயே சொல்லு." அவர் போனைப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீங்க..." என்று தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டவள் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"என்ன சொல்லுதா?"

"அவுகளும் நம்மகூட வந்து ரூமுலயே தங்குதாகளாம்."

"அப்ப அத்தானுக்கு யாரு பொங்கிப் போடுவா?"

"அதைத்தான் கேட்டேன். மதினி போனை வச்சுட்டாக."